வடமாலபேட்டைச் சாலையின் மார்கழி: டீசல் அம்பாசடரும் குளிர்ந்த எஞ்சினும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து வடமாலபேட்டையை அடைகிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியபோதும் மாநில எல்லை இச்சாலையின் குறுக்கே இடம் மாறியது. அதனால் யாத்திரை வண்டிகளின் ஓட்டம் குறையவில்லை.

கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நிலப்பகுதி இது. மார்கழி விடியலிலும் சமவெளியில் அது 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் 1980களிலும் 1990களிலும் இச்சாலையில் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற டீசல் அம்பாசடர் கார்களில், ஓட்டுநர்கள் ‘ஹீட்டர்’ என்று அழைத்த ஓர் அமைப்பு இருந்தது. அது பயணிகளின் குளிரைப் போக்க வைத்ததன்று. எஞ்சினின் குளிரைப் போக்க வைத்தது. அதைச் சில நொடிகள் இயக்கிய பிறகே ஓட்டுநர் வண்டியைக் கிளப்ப முயல்வார்.

பனியே விழாத ஊரில் ஒரு காருக்கு ஏன் ஹீட்டர் தேவைப்பட்டது? மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்திரவியல் கேள்வி. சற்று ஆழ்ந்து நோக்கினால், அது தொழில்நுட்ப வரலாற்றையும் உழைப்பின் வரலாற்றையும் ஒருங்கே தொடுகிறது. குளிர் என்பது வெப்பமானி காட்டும் எண் மட்டுமன்று; ஓர் எஞ்சினின் வடிவம், அது குடிக்கும் எரிபொருள், அதைக் கிளப்பும் மனிதரின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே எது குளிர் என்பதைத் தீர்மானிக்கின்றன. பழைய டீசல் கார் இதற்குத் தெளிவான சான்று.

*அமுக்கத்தில் பிறக்கும் தீ*

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் நுழைந்த காற்றை உந்துதண்டு அமுக்குகிறது. அமுக்கத்தால் காற்று கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. தென்கிழக்காசிய மக்கள் நெடுங்காலம் பயன்படுத்திய தீ உந்துகுழலும் இதே விதியில் இயங்குவது: குழலுக்குள் சிறு தண்டைச் சட்டென்று அழுத்தினால் அடியிலுள்ள பஞ்சு கனன்றுவிடும். ருடால்ஃப் டீசல் மாணவராக இருந்தபோது அத்தகைய குழல் ஒன்றைக் கண்டார் என்றும், அதுவே அவருடைய சிந்தனைக்கு வித்திட்டது என்றும் ஒரு வழக்கு உண்டு. அவருக்கு 1893-இல் காப்புரிமை கிடைத்தது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றியுடன் ஓடியது.

தீப்பொறி இல்லாமை டீசல் எஞ்சினின் சிறப்பு; அதன் பலவீனமும் அதுவே. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். நின்று குளிர்ந்த எஞ்சினின் முதல் சுற்றுக்கோ அந்த உதவி இல்லை. காற்று குளிர்ந்திருக்கும், உருளையின் சுவரும் குளிர்ந்திருக்கும், அமுக்கத்தில் பிறந்த சூட்டை அந்தச் சுவர் உறிஞ்சிவிடும். ஆகவே டீசல் எஞ்சினின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி, முதல் சுற்றுக்கு வேண்டிய சூட்டை எங்கிருந்து பெறுவது என்ற தேடலாகவே அமைந்தது. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890களில் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய சூட்டுக்குமிழ் எஞ்சினைக் கிளப்ப, அதன் தலைப்பகுதியை ஊதுவிளக்கால் பல நிமிடங்கள் சுட வேண்டியிருந்தது. தொடக்ககால டீசல் எஞ்சின்களோ அழுத்தக் காற்று நிரப்பிய கலன்களின் துணையுடன் கிளம்பின. தொழிற்கூடத்துக்கும் கப்பலுக்கும் இவை ஏற்றவை, காருக்குப் பொருந்தாதவை.

காரை நோக்கிய வழியை இரண்டு மாற்றங்கள் திறந்தன. 1909-இல் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பிராஸ்பர் லோரான்ஜ், எரிபொருள் முதலில் ஒரு சிற்றறையில் பற்றிப் பின்பு உருளைக்குள் பரவும் ‘முன்னறை’ அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1927-இல் பாஷ் நிறுவனம் உட்செலுத்து பம்பைத் தொகுதித் தொகுதியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. இவ்விரண்டின் பயனாக, 1936 பெர்லின் கண்காட்சியில் மெர்சிடஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் காட்சிக்கு வந்தது. அதைப் பெரிதும் நாடியவர்கள் டாக்சிக்காரர்கள் என்பது கவனத்திற்குரியது. பின்னாளில் இந்தியாவிலும் அதுவே நிகழ்ந்தது.

முன்னறை எஞ்சின் இரைச்சலையும் அதிர்வையும் குறைத்தது. சிறிய காருக்குள் அடங்கியது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சிற்றறையின் சுவர்ப்பரப்பு அதன் கொள்ளளவோடு ஒப்பிடுகையில் மிக அதிகம். குளிர்ந்த எஞ்சினில் அப்பரப்பு முழுவதும் சூட்டைத் திருடும். அந்த இழப்பை ஈடுகட்டவே ஒவ்வோர் அறையிலும் மின்சாரத்தால் செஞ்சூடாகும் ஒரு பிளக் பொருத்தப்பட்டது. ஆங்கிலத்தில் ‘குளோ பிளக்’ எனப்படும் அதுவே நம் ஓட்டுநர்களின் ஹீட்டர். அது சூடாகும்வரை காத்திருக்கும் நேரத்தை ஜெர்மானியர்கள் ‘ருடால்ஃப் டீசல் நினைவஞ்சலி நிமிடம்’ என்று கேலியாக அழைத்தனர்.

*லாரி கிளம்பியது, கார் காத்திருந்தது*

வடமாலபேட்டையில் ஹீட்டர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. எரிபொருளை உருளைக்குள் நேரடியாகத் தெளிக்கும் பெரிய எஞ்சின் கொண்ட லேலண்ட் லாரி, 18 அல்லது 20 டிகிரி விடியலில் ஹீட்டரின் துணையின்றியே கிளம்பிவிடும். பக்கத்திலேயே இரவு முழுவதும் நின்ற டீசல் கார் கிளம்பாது. இரண்டும் ஒரே காற்றைத்தான் உள்ளிழுக்கின்றன. லாரிக்கு அது இதமான காலை. காருக்கு அது குளிர். 1954 முதல் வந்த டாடா-பென்ஸ் லாரிகளின் தொடக்ககால எஞ்சின் முன்னறை வகையைச் சேர்ந்தது என்பதால், கார் ஓட்டுநர்களுக்கு முன்பே லாரி ஓட்டுநர்களில் ஒரு சாராருக்கு ஹீட்டர் பழக்கமாகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் டீசல் முதலில் லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் உரிய எரிபொருளாக வேரூன்றியது. சென்னையை ஒட்டிய எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களை உற்பத்தி செய்தது. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, பாஷ் நிறுவனத்தின் கூட்டுடன் உட்செலுத்து கருவிகளைத் தயாரித்தது. இம்மூன்று நகர்ப்புறத் தொழிற்சாலைகளின் எஞ்சின்களையும் பம்புகளையும் பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் தென்னிந்தியச் சாலையோரங்களில் ஒரு தலைமுறையாக உருவாகியிருந்தனர். டீசல் கார் வந்தபோது அதைக் கையாளும் அறிவு இங்கு ஓரளவு ஆயத்தமாக இருந்தது.

டீசல் காரை வரவழைத்தது விலை. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் செலவு டாக்சித் தொழிலை அழுத்தியது. சரக்குப் போக்குவரத்தையும் வேளாண்மையையும் கருதி, அரசின் விலைக்கட்டுப்பாடு டீசலைப் பெட்ரோலைவிடக் கணிசமாக மலிவாக வைத்திருந்தது. இந்தச் சூழலில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 1957 முதல் தயாரித்து வந்த அம்பாசடருக்குள் 1,489 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்துடையது, அங்கே கார், வேன், சிறு டிராக்டர், படகு எனப் பலவற்றிலும் உழைத்தது. ஹாரி ரிக்கார்டோவின் சுழலறை வடிவத்தைத் தழுவிய அது முன்னறைக் குடும்பத்தின் நெருங்கிய உறவு. ஆகவே ஹீட்டரும் கூடவே வந்தது. பிரிட்டிஷ் குளிர்காலத்தை எண்ணி வைத்த உறுப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது; அந்த எஞ்சினின் வடிவமே இரவில் ஆறிய எந்த விடியலிலும் அதைக் கேட்கும்.

*விடியலின் உழைப்பு*

திருமலைக்கு வாகனம் செல்லும் முதல் மலைப்பாதை 1944 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அது போர்க்காலம். பெட்ரோல் பங்கீட்டில் இருந்ததால் சென்னை மாகாணப் பேருந்துகள் பல, பின்புறம் கரியடுப்பைச் சுமந்து கரிவாயுவில் ஓடின. அவற்றில் அடுப்பை மூட்டி, ஊதுகருவியைச் சுழற்றி, வாயு பிடிக்கும்வரை காத்திருப்பது தனி வேலை. அந்த வேலை பெரும்பாலும் கிளீனரின் தலையில் விழுந்தது. வண்டியைக் கிளப்புவது என்பது பயணத்திற்கு முந்தைய ஓர் உழைப்பு என்ற அனுபவம் இச்சாலைக்குப் புதிதன்று.

பெட்ரோல் காரின் காலத்தில் அவ்வுழைப்பு குறைந்தது. பேட்டரி இறங்கினாலும் முன்புறத்தில் ‘ஹேண்டில் அடித்து’ அம்பாசடரைக் கிளப்பிவிடலாம். டீசல் அம்பாசடர் அந்த வசதியை ஏறத்தாழ முற்றிலும் பறித்தது. அதன் உருளைக்குள் காற்று இருபது மடங்குக்கும் மேலாக அமுக்கப்படுகிறது. அதை வேண்டிய வேகத்தில் சுழற்ற ஒரு மனிதரின் கைவலிமை போதாது. எல்லாப் பொறுப்பும் பேட்டரியின் மீது விழுந்தது. அதுவும் குளிர் கூடக்கூடச் சோர்வது. குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டுச் சுழற்சியைத் தடுக்கும்; அதே நேரத்தில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும். கூடுதல் வலிமை தேவைப்படும் தருணத்திலேயே இருக்கும் வலிமை குறைந்துவிடுகிறது.

ஓட்டுநரின் முன்னிருந்த சிக்கலை இவ்வாறு சுருக்கலாம். ஒரே பேட்டரி ஹீட்டரையும் சூடாக்க வேண்டும். ‘செல்ஃப்’ எனப்படும் தொடக்க மோட்டாரையும் சுழற்ற வேண்டும். ஹீட்டரை அரைகுறையாகப் போட்டால் எரிபொருள் பற்றாது. செல்ஃப் வீணாகச் சுழன்று பேட்டரி இறங்கும். அளவு மீறிப் போட்டால், செல்ஃபுக்கு மிஞ்சும் மின்சாரம் குறைந்து எஞ்சின் மெதுவாகச் சுழலும். மெதுவாக அமுக்கப்படும் காற்றின் சூடு சுவரிலும் உந்துதண்டு வளையங்களின் இடுக்கிலும் கசிந்து போகும். இரண்டுக்கும் நடுவே எத்தனை நொடி என்பதை அந்தந்த வண்டியின் வயது, பேட்டரியின் நிலை, அன்றைய காலையின் குளிர் ஆகியவற்றைக் கொண்டு ஓட்டுநரே கணித்தார்.

இந்தக் கணிப்பைச் சுற்றி ஒரு முழுமையான செய்முறை வளர்ந்தது. விளக்குகளையும் மற்ற மின்கருவிகளையும் அணைத்துவிட வேண்டும். கிளட்சை முழுவதும் மிதிக்க வேண்டும். இல்லையேல் கியர்பெட்டிக்குள் கெட்டிப்பட்ட எண்ணெயையும் செல்ஃப் சேர்த்துச் சுழற்ற நேரும். முடுக்கியை அழுத்தி எரிபொருளைத் தாராளமாக விட வேண்டும். ஒரே மூச்சில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்காமல், இடைவெளி விட்டுப் பேட்டரியை மீள விட வேண்டும். எஞ்சின் பிடித்ததும் உறுமவிடாமல், எரியாத டீசலின் வெண்புகை அடங்கும்வரை மெல்ல ஓடவிட வேண்டும். முதல் முயற்சி தோற்றால் மறுபடியும் ஹீட்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வண்டிக்கு இவையும் போதாமற் போவதுண்டு. தேய்ந்த வளையங்கள் அமுக்கத்தைக் குறைக்கும். உட்செலுத்தியின் ‘நாசில்’ தேய்ந்தால் டீசல் புகையாகத் தெளிக்கப்படாமல் துளியாக ஒழுகும். குழாய் இணைப்பு தளர்ந்தால் இரவில் ‘ஏர் பிடித்து’, காலையில் கைப்பம்பால் காற்றை வெளியேற்ற வேண்டிவரும். பழைய டீசல் கார்கள் பலவற்றில் பிளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. திருவிழாச் சீரியல் விளக்கைப் போல ஒன்று அணைந்தால் அனைத்தும் அணைந்துவிடும். எந்தப் பிளக் போனது என்று சோதித்துக் கண்டறிவதும் ஓட்டுநரின் காலைக் கடமைகளுள் சேர்ந்தது. அனுபவசாலிகள் முந்தைய இரவே வண்டியைச் சரிவில் நிறுத்தினர். காலையில் உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் பேட்டரியின் வேலையைப் பூமி செய்துவிடும். சமதரையில் நின்றால் பயணிகளே இறங்கித் தள்ள நேர்ந்தது.

திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரம் கொண்டது. உயரத்தை மட்டும் கணக்கிட்டாலே அங்கு சமவெளியைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சி இருக்கும். மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கும் அந்த மலையில், இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற டாக்சி விடியுமுன் கிளம்பியாக வேண்டும். பயணி உறங்கி எழுந்து வந்து காரில் அமரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் வாடகைக் கணக்கில் வராது. மலிவான டீசலின் ஆதாயம் பயண நிறுவனத்துக்கும் பயணிக்கும் சென்றது. தாமதமாகக் கிளம்பும் எஞ்சினின் செலவை ஓட்டுநரின் உறக்கம் ஏற்றது.

*குளிர் எரிபொருளுக்குள் நுழையும்போது*

மேலும் உயரே சென்றால் சிக்கலின் தன்மை மாறுகிறது. 2,200 மீட்டருக்கும் மேலான உதகையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி படியும். அங்கு காற்று குளிர்ந்திருப்பதோடு அடர்த்தியும் குறைந்தது. அமுக்குவதற்கே காற்று குறைவு. எஞ்சின் மூடியின் மேல் சாக்கைப் போர்த்துவது, சரிவில் நிறுத்துவது ஆகியன சமவெளியில் முன்னெச்சரிக்கைகள். மலையில் அவை இன்றியமையாதவை. காற்று நுழையும் வாயிலில் எரியும் துணியைக் காட்டிக் கிளப்பும் ஆபத்தான வழக்கமும் லாரி, டிராக்டர் ஓட்டுநரிடையே இருந்தது. ஈதர் தெளிப்பது அதனினும் ஆபத்தானது: செஞ்சூடான ஹீட்டரின் மேல் ஈதர் பட்டால் அது உரிய தருணத்துக்கு முன்பே வெடித்து, எஞ்சினையே உடைக்கக்கூடும்.

இன்னும் குளிர்ந்த இடத்தில் எஞ்சினுக்கு முன் எரிபொருளே தோற்றுவிடும். டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிரில் அது படிகமாகி வடிகட்டியை அடைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் டீசல் தரவிதியான ஐ.எஸ். 1460, இவ்வடைப்பு நிகழக்கூடிய வெப்பநிலைக்குக் குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி என்று மேல்வரம்பு வகுத்தது. குளிர்காலம் என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. எஞ்சிய மாதங்கள் அனைத்தும் கோடை. நாட்காட்டியை வைத்து இவ்வாறு குளிரை வரையறுத்தது பெரும்பாலான இந்தியச் சாலைகளுக்குப் போதுமானதாக இருந்தது. லடாக்கிற்கு அது போதவில்லை. அங்கே ஓட்டுநர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தும், தொட்டியின் அடியில் நெருப்பு மூட்டியும் சமாளித்தனர். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம், பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான, மைனஸ் 33 டிகிரி வரை பாயும் தன்மை இழக்காத குளிர்கால டீசலை அப்பகுதியில் அறிமுகப்படுத்தியது. அதுவரை எரிபொருளின் குறையை ஈடுசெய்தது ஓட்டுநரின் உழைப்பும் துணிவுமே.

வடமாலபேட்டையிலும் லடாக்கிலும் குளிரின் அளவு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் ஒரு பொதுமை உண்டு. வடிவமைப்பாளரும் தரவிதியும் விட்டுவைத்த இடைவெளியை இரு இடங்களிலும் ஓட்டுநர்கள் தம் கைப்பழக்கத்தால் நிரப்பினர்.

*எழுதப்படாத பக்கம்*

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டது. 2006-இல் வெளியான நூலில் டேவிட் எட்ஜர்டன், புதியதின் வரலாற்றைவிடப் பயன்பாட்டில் இருப்பதின் வரலாறே முக்கியம் என வாதிட்டார். இந்தியாவின் மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை ஆகியவற்றைப் பற்றி 2013-இல் எழுதிய டேவிட் ஆர்னால்ட் அந்தப் பாதையை நம் மண்ணில் நீட்டினார். டீசல் காரின் பயன்பாட்டு வரலாறு தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது. தொழிற்சாலைகளைப் பற்றி ஆண்டறிக்கைகள் உண்டு; விலைக் கொள்கையைப் பற்றி அரசு ஆவணங்கள் உண்டு. எத்தனை நொடி ஹீட்டர் போட வேண்டும் என்ற அறிவு ஆவணத்தில் இல்லை. அது ‘செல்ஃப்’, ‘ஹீட்டர்’, ‘நாசில்’ என்று எல்லையின் இருபுறமும் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவாக வழங்கும் சொற்களிலும், அச்சொற்களைப் பேசுவோரின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது.

அந்நினைவுக்கு இனி நீண்ட காலம் இல்லை. 1990களின் இறுதியில் உலகச் சந்தைக்கு வந்த ‘காமன் ரெயில்’ டீசல் கார்கள், எரிபொருளை உயர் அழுத்தத்தில் நேரடியாக உருளைக்குள் தெளித்தன. 2000களில் அவை இந்தியச் சாலைகளிலும் பரவின. ஹீட்டர் அவற்றிலும் உண்டு. ஆனால் அதை எப்போது, எவ்வளவு நேரம் இயக்குவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. டீசல் டாக்சியைப் பிறப்பித்த இரண்டு காரணிகளும் ஐந்தே மாத இடைவெளியில் முடிவுக்கு வந்தன. 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகனக் கழிவுக் கொள்கை எஞ்சிய பழைய வண்டிகளை உடைப்புக்கூடத்தை நோக்கி நகர்த்துகிறது. புகையைக் கருதினால் அக்கொள்கைக்கு நியாயம் உண்டு. அவ்வண்டிகளோடு சேர்ந்து மறைவது எது என்பதையும் வரலாற்று மாணவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

அம்பாசடரை இந்திய அதிகாரத்தின் சின்னமாக, அமைச்சர்களின் வெண்ணிற வாகனமாக நினைவுகூரும் எழுத்துக்கள் ஏராளம். அதே கார் மார்கழி இருளில் ஓட்டுநர் ஒருவரை முதலில் எழுப்பிய வண்டியும்கூட. சித்தூர், திருப்பதி, வேலூர், திருவள்ளூர் மாவட்டங்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்த டாக்சி ஓட்டுநர்களும் பம்பு மெக்கானிக்குகளும் இன்னும் இருக்கிறார்கள். வாய்மொழி வரலாறு சேகரிக்கச் செல்லும் மாணவர், எந்தெந்த ஊருக்குச் சென்றீர்கள், யாரையெல்லாம் ஏற்றிச் சென்றீர்கள் என்பவற்றோடு நின்றுவிடாமல், காலையில் வண்டியை எப்படிக் கிளப்பினீர்கள் என்றும் கேட்க வேண்டும். வாடகைக் கணக்கில் வராத அந்த அரை மணி நேரம் அந்த விடையில்தான் பதிவாகும்.